கிறிஸ்டல் தராசு பகலில் ஒன்று, இரவில் ஒன்று காட்டுகிறது. உதவி தேவை

இரணைமடுத் தம்பி:
அண்ணாமார், செய்மதியின் கண்ணாடியில் அழுக்கு ஆவி படிவதைக் குவார்ட்ஸ் கிறிஸ்டலால் நிறுப்பார்களாம். அதிருகிற கிறிஸ்டலில் ஏதும் படிந்தால் பாரம் கூடி, அதன் மீடிறன் இறங்குமாம். பாடசாலைக் கண்காட்சிக்கு அப்படி ஒன்று செய்கிறேன். 10 மெகாஹேட்ஸ் கிறிஸ்டல், தகர மூடியை அரத்தால் ராவிக் கழற்றினேன். சோளகம் அடிக்கிற நேரம், கிளிநொச்சியில் புழுதிக்கா பஞ்சம்? தகரக் கூரைக்குக் கீழே வைத்தேன். மதியம் மீடிறன் 90 ஹேட்ஸ் இறங்குகிறது. இரவில் பழையபடி ஏறிவிடுகிறது. படிந்த புழுதி இரவில் எங்கே போகிறது?

வவுனியா ரேடியோக்காரர்:
அது புழுதி இல்லைத் தம்பி, வெயில். 10 மெகாஹேட்ஸில் 90 என்பது பத்து இலட்சத்தில் 9 பங்கு. தகரத்துக்குக் கீழே, சூட்டில் மீடிறன் அவ்வளவு மாறத்தான் செய்யும். செய்மதியில் இரண்டு கிறிஸ்டல் வைப்பார்கள். ஒன்று திறந்தது, மற்றது மறைத்தது. சூடு இரண்டையும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஆட்டும், கழித்தால் படிந்தது மட்டும் மிஞ்சும். ஒரே கடையில் ஒரே தரத்தில் இரண்டு வாங்கு.

இரணைமடுத் தம்பி:
செய்தேன், ஆட்டம் 6 ஹேட்ஸுக்குள் வந்துவிட்டது. புழுதி போகாமல் பெட்டியையும் மூடினேன். இப்போது வேறு கரைச்சல்: நாளுக்கு 20 ஹேட்ஸ் இறங்குகிறது, திரும்பி ஏறுவதே இல்லை.

முள்ளியவளை அக்கா:
பெட்டியை எதனால் ஒட்டினீர்கள்?

இரணைமடுத் தம்பி:
சிலிக்கன் பசை. வினாகிரி மணம் இன்னும் போகவில்லை.

முள்ளியவளை அக்கா:
அப்படியென்றால் உங்கள் கருவி சரியாகத்தான் வேலை செய்கிறது! மணக்கிற அமிலம் பறந்துவிடும். பசையிலிருந்து மெல்ல வருகிற சிலிக்கன் ஆவிதான் படியும். மீடிறன் இறக்கத்தைப் படிந்த திணிவாக மாற்ற ஜேர்மன் பௌதிகவியலாளர் சவர்பிரே 1959 இல் தந்த சமன்பாட்டின்படி உங்கள் கிறிஸ்டலில் 1 ஹேட்ஸ் என்பது சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 4.4 நனோகிராம். 20 என்றால் 88. முன்னும் பின்னும் திறந்திருப்பதால் அது இரண்டு முகத்தின் கூட்டு.

செய்மதிக்காரருக்கும் இதே தலையிடிதான். அங்கே புறஊதாக் கதிர் பட்டால் படலம் இறுகிப்போய்க் கழறவே கழறாது. அதனால்தான் பசை, வண்ணம் எல்லாவற்றையும் முதலே வெற்றிடத்தில் 125 பாகை செல்சியஸில் 24 மணி நேரம் சூடாக்கிப் பார்ப்பார்கள். திணிவு 1% இற்கு மேல் குறைந்தாலோ, குளிர்ந்த தட்டில் 0.1% இற்கு மேல் படிந்தாலோ பொதுவாக ஏற்கமாட்டார்கள்.

பிறகு, புழுதியை விடுங்கள். அந்தச் சமன்பாடு இறுக ஒட்டிய மெல்லிய படலத்துக்குத்தான். மணல் ஒட்டாமல் மேலே துள்ளிக்கொண்டிருக்கும், கணக்குப் பிழைக்கும்.

இரணைமடுத் தம்பி:
பசையைச் சுரண்டிவிட்டுப் பெட்டியை நூலால் கட்டினேன். மூன்று நாளில் மொத்தம் 2 ஹேட்ஸ்தான். கண்காட்சி அன்று போத்தல் மூடியில் புதுப்பசை பிதுக்கி, கிறிஸ்டலுக்குப் பக்கத்தில் வைக்கப்போகிறேன்.