பி.எஸ்சி. வேதியியலுக்கு 6 லட்சம் கல்விக் கடன் வாங்கலாமா?

தாமிரபரணி:
அக்கா மகளுக்கு பி.எஸ்சி. வேதியியல் இரண்டு இடத்தில் கிடைக்கிறது. ஒன்று உள்ளூர் அரசு கலைக் கல்லூரி. இன்னொன்று சென்னைப் பக்கம் தனியார் பல்கலைக்கழகம். விடுதியோடு வருடம் 2 லட்சம். மூன்று வருடத்துக்கும் 10% வட்டியில் கடன் தர வங்கி தயார். படித்து முடித்தால் மருந்து கம்பெனி லேபில் 18,000 சம்பளம் என்கிறார்கள். “6 லட்சம்தானே, பத்து வருடத்தில் அடைத்துவிடலாம்” என்கிறார் அக்கா. கணக்கு சரிதானா?

கடன்கணக்கு:
சரியில்லை சார். தவணை தொடங்கும் நாளில் கடன் 6 லட்சமாக இருக்காது, 7.8 லட்சமாக இருக்கும். படிக்கும் 3 வருடமும் அதற்குப் பிறகு 1 வருடமும் தவணை கிடையாது. ஆனால் வட்டி ஓடும். முதல் 2 லட்சத்துக்கு 4 வருடத் தனிவட்டி 80,000, அடுத்ததற்கு 60,000, கடைசிக்கு 40,000. இந்த 1,80,000 அசலில் ஏறிய பிறகு அதற்கும் வட்டி போடுவார்கள்.

பத்து வருடம் என்றால் மாதம் 10,300 ரூபாய். 18,000 சம்பளத்தில் பி.எஃப். போக 16,500 கைக்கு வந்தால் மிச்சம் 6,200தான். வெளியூரில் தங்கி வேலை பார்க்கும் பெண்ணுக்கு அது சாப்பாட்டுக்கும் வாடகைக்குமே பற்றாது. 15 வருடமாக நீட்டினால் தவணை 8,400 ஆகும். ஆனால் மொத்தம் கட்டுவது 12.4 லட்சத்திலிருந்து 15.1 லட்சமாகிவிடும்.

வாங்கியே தீர வேண்டுமென்றால் வட்டியைச் சேரவிடாதீர்கள். முதல் வருடம் மாதம் சுமார் 1,670, அடுத்த வருடம் 3,330, அதன்பின் 5,000 கட்டி வந்தால் பத்து வருடத் தவணை 7,930க்குள் நிற்கும். இப்படிக் கட்டுபவர்களுக்குச் சில வங்கிகள் 1% வட்டி குறைக்கின்றன. கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்.

பிப்பெட்:
கடனே கூடாது என்று சொல்லமாட்டேன். ஆனால் அதை முதல் பட்டத்தில் செலவழிக்காதீர்கள். வேதியியலில் பி.எஸ்சி.யோடு நின்றால் சம்பளம் மெதுவாகத்தான் ஏறும், எம்.எஸ்சி.க்குப் பிறகுதான் கதவு திறக்கிறது. அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. படித்துக்கொண்டே, ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் நுழைவுத் தேர்வுக்குத் தயாராகலாம். எந்தக் கல்லூரி என்று அந்தத் தேர்வு பார்ப்பதில்லை. எம்.எஸ்சி. முடித்து தேசிய அளவிலான சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் ஜேஆர்எஃப் (ஆராய்ச்சி மாணவர் உதவித்தொகை) கிடைத்தால் மாதம் 37,000, வீட்டு வாடகைப் படி தனி. போட்டி கடுமையானது, அதனால் அந்தப் பணத்தை நம்பித் தவணை போட வேண்டாம்.

தனியாரில் சேர்ப்பதாக இருந்தால் முதலில் லேபைப் போய்ப் பாருங்கள். மருந்தில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவியை மாணவர்களே ஓட்டுகிறார்களா, டெமோ மட்டும்தானா? தரக் கட்டுப்பாட்டு வேலைக்கான நேர்முகத்தில் முதலில் கேட்பது அதைத்தான். அங்கே காட்டும் அதிகபட்சச் சம்பளம் பெரும்பாலும் பொறியியல் பிரிவுடையது. வேதியியலில் எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, நடுவில் இருப்பவருக்கு எவ்வளவு சம்பளம் என்று எழுத்தில் கேளுங்கள்.

தாமிரபரணி:
வட்டி மானியம் இருக்கிறதே? அக்கா வீட்டு வருமானம் வருடம் 4 லட்சம்தான்.

செம்பருத்தி:
4.5 லட்சம் வரை வருமானமுள்ள குடும்பங்களுக்கான முழு வட்டி மானியம் தொழிற்கல்வி, தொழில்நுட்பப் படிப்புகளுக்கானது. சாதாரண பி.எஸ்சி.க்கு அதை எதிர்பார்க்காதீர்கள். பிஎம் வித்யாலட்சுமி என்ற மத்திய அரசின் கல்விக் கடன் திட்டத்தில் 8 லட்சம் வருமானம் வரை 3% மானியம் உண்டு. ஆனால் கல்லூரி அவர்கள் பட்டியலில் இருக்க வேண்டும், நிர்வாக ஒதுக்கீட்டு இடம் செல்லாது. கல்விக் கடன் வட்டிக்கான 80இ வருமான வரிச்சலுகையையும் கணக்கில் சேர்க்காதீர்கள். 18,000 சம்பளத்துக்கு வரியே இல்லை.

மாணவி 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 வரும்.

7.5 லட்சம் வரையான கடனுக்குச் சொத்து ஈடு கேட்கமாட்டார்கள், அதனால் பயமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அக்காவும் இணைக் கடன்தாரர். இரண்டு தவணை தவறினால் கடனைத் திருப்பிக் கட்டும் நம்பகத்தன்மையைக் காட்டும் அவருடைய சிபில் மதிப்பெண்ணும் இறங்கும். நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போது அது எதிரே வந்து நிற்கும்.

இன்னொன்று: கடன் வாங்கி பி.எஸ்சி. முடித்து எம்.எஸ்சி. சேர்ந்தால் தவணை தானாகத் தள்ளிப்போகாது. எம்.எஸ்சி. சேர்க்கைச் சான்றிதழோடு, முதல் தவணைத் தேதிக்கு முன்பே கிளைக்கு எழுதிக் கொடுத்து ஒப்புதல் கடிதம் வாங்க வேண்டும். வங்கி சம்மதித்தாலும் அந்த 2 வருடத்துக்கு இன்னும் 1.2 லட்சம் வட்டி ஏறும், 7.8 லட்சம் 9 லட்சமாகிவிடும்.