சீனாவின் ஹூகோவ் முறை: சொந்த நாட்டுக்குள்ளேயே ஏன் இப்படியொரு வேலி?

செங்காங் வாசகி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் அலுவலகத்தில் உடன் பணிபுரியும் சீன நாட்டுப் பெண்மணி, ஹெனான் மாகாணத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். சிங்கப்பூருக்கு வருமுன் கணவருடன் பல ஆண்டுகள் ஷாங்ஹாயில் வேலை பார்த்தவர். கணவர் இன்னமும் அங்கேதான் இருக்கிறார். ஆனால் அவர்களுடைய மகன் மட்டும் ஹெனானில் பாட்டி வீட்டில் தங்கிப் படிக்கிறான். தந்தையோடு ஷாங்ஹாயிலேயே இருந்து படிக்கலாமே என்று கேட்டதற்கு, எங்களுக்கு அந்த ஊர் ஹூகோவ் இல்லை என்று ஒரே வரியில் பேச்சை முடித்துக்கொண்டார். ஒரு குடும்பம் எந்த ஊரைச் சேர்ந்தது என்று காட்டும் அரசுப் பதிவுதான் ஹூகோவ் என்ற அளவில் எனக்குத் தெரியும். மேற்கொண்டு துருவிக் கேட்பது முறையாகப் படவில்லை.

குடிமக்கள், நிரந்தரவாசிகள், வேலை அனுமதி அட்டையில் இருப்பவர்கள் என்ற பிரிவுகளுக்கு நடுவில்தான் நாமும் வாழ்கிறோம்; வெளிநாட்டவரின் பிள்ளைகளுக்கு இங்குள்ள பள்ளிகளில் இடம் கிடைப்பது எளிதன்று என்பதும் தெரிந்ததே. ஆனால் அது நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையில் உள்ள எல்லை. ஒரு நாட்டின் குடிமகன் அதே நாட்டின் இன்னொரு நகரத்தில் ஏறக்குறைய வெளிநாட்டவனைப்போல நடத்தப்படுவது எப்படி வந்தது? பலரும் வெறுக்கும் ஒரு முறையை, இத்தனை பெரிய மாற்றங்களைச் செய்துகாட்டிய அரசு ஏன் நீக்காமல் வைத்திருக்கிறது? விவரம் அறிந்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

பழைய நூலகர் எழுதியது:

அன்புள்ள சகோதரிக்கு, இந்தக் கதை தானியத்தில் தொடங்குகிறது. 1949இல் ஆட்சிக்கு வந்த கம்யூனிஸ்ட் அரசு சோவியத் வழியில் கனரகத் தொழில்களை விரைந்து வளர்க்க விரும்பியது. அதற்கு வேண்டிய முதலீட்டைத் திரட்ட அது கண்ட வழி, உழவர்களின் விளைச்சலைக் குறைந்த விலைக்கு வாங்கி, நகரத் தொழிலாளருக்கு மலிவாக வழங்கி, அதன்மூலம் கூலியைத் தாழ்வாக வைத்து, மிஞ்சியதை ஆலைகளில் போடுவது. 1953இல் தானியக் கொள்முதலும் விற்பனையும் அரசின் ஏகபோகமாயின; 1955இல் நகரங்களில் பங்கீட்டு முறையும் தானியக் கூப்பன்களும் வந்தன. இந்த ஏற்பாட்டில் தங்களுக்கு நட்டமே என்பதைப் புரிந்துகொள்ள உழவர்களுக்கு நெடுநாள் ஆகவில்லை. அவர்கள் நகரங்களை நோக்கி நகரத் தொடங்கியபோது அதைத் தடுக்கும் கதவாக 1958 ஜனவரி 9 அன்று குடும்பப் பதிவு ஒழுங்குவிதி பிறப்பிக்கப்பட்டது. கிராமத்திலிருந்து நகரத்துக்குக் குடிபெயர விரும்புபவர் நகரத் தொழிலாளர் துறையின் வேலைச் சான்றையோ, கல்வி நிலையத்தின் சேர்க்கைச் சான்றையோ, அந்நகரப் பதிவு அலுவலகத்தின் அனுமதியையோ காட்டியாக வேண்டும் என்று அதன் 10ஆம் விதி சொன்னது. இத்தனைக்கும் குடியிருப்பை மாற்றிக்கொள்ளும் உரிமையை 1954ஆம் ஆண்டின் அரசியலமைப்பு குடிமக்களுக்கு வெளிப்படையாகவே வழங்கியிருந்தது. 1975இல் அந்த வாசகமே நீக்கப்பட்டது. இன்று நடப்பில் உள்ள 1982ஆம் ஆண்டின் அரசியலமைப்பிலும் அது திரும்பி வரவில்லை.

வேளாண் பதிவு, வேளாண் சாராப் பதிவு என்று மக்கள் இரு வகையாகப் பிரிக்கப்பட்டனர். பிள்ளைக்குத் தாயின் பதிவே சேரும் என்பதால், தந்தை நகர ஆலையில் வேலை பார்த்தாலும் கிராமத்துத் தாய்க்குப் பிறந்த குழந்தை கிராமத்தின் கணக்கிலேயே இருந்தது. 1998இல்தான் தந்தையின் பதிவையும் பெறலாம் என்று தளர்த்தினார்கள். பதிவு இல்லாத ஊரில் கூப்பன் இல்லை, கூப்பன் இல்லாமல் உணவகத்தில்கூட ஒரு கிண்ணம் நூடல்ஸ் வாங்க முடியாது. ஒரு மாகாணத்தின் கூப்பன் அடுத்த மாகாணத்தில் செல்லவும் செல்லாது. ஆகையால் சோதனைச் சாவடிகளே தேவைப்படவில்லை. வயிறே ஆளைக் கட்டிப்போட்டது. மாபெரும் பாய்ச்சல் எனப்பட்ட அதிவேக உற்பத்தி இயக்கத்துக்குப் பின்வந்த 1959–61 பஞ்சத்தில் மடிந்தவர்களில் மிகப்பெரும்பாலோர் தானியம் விளைவித்த கிராமத்தவரே என்பதையும், அதையடுத்த ஆண்டுகளில் ஏறத்தாழ 2 கோடிப் பேர் நகரங்களிலிருந்து கிராமங்களுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தப் பஞ்சத்தில் இறந்தவர்களின் தொகை குறித்த மதிப்பீடுகள் 1.5 கோடியிலிருந்து 4.5 கோடி வரை வேறுபடுகின்றன.

டெங் சியாவ்பிங்கின் சீர்திருத்தக் காலத்தில் கடலோர ஆலைகளுக்கு ஆள் தேவைப்பட்டது. கதவும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. சொந்தமாக உணவுக்கு வழி செய்துகொள்பவர்கள் சிறு நகரங்களில் குடியேறலாம் என்று 1984இல் அனுமதித்தார்கள். 1993இல் கூப்பன்களும் ஒழிந்தன. அத்துடன் ஹூகோவும் போயிருக்க வேண்டும், போகவில்லை. உள்ளே வராதே என்று சொல்லிக்கொண்டிருந்த அதே ஏடு, வந்து வேலை செய், ஆனால் பள்ளியையும் மருத்துவத்தையும் மலிவு வீட்டையும் எங்களிடம் கேட்காதே என்று சொல்லத் தொடங்கியது. இதன் பின்னால் இருப்பது பெரும்பாலும் பணம் என்பதே என் எண்ணம். 1994ஆம் ஆண்டின் வரிப் பகிர்வுச் சீர்திருத்தத்துக்குப் பிறகு வருவாயில் பெரும்பங்கு பெய்ஜிங்குக்குச் சென்றது. செலவுப் பொறுப்போ உள்ளாட்சிகளின் தலையிலேயே நின்றது. புதிதாக ஒரு குடும்பத்துக்கு முழு உரிமை கொடுப்பது ஒரு நகர நிர்வாகத்துக்குப் பல பத்தாண்டுகளுக்கு நீளும் செலவு. உழைப்பை மட்டும் பெற்றுக்கொள்ள முடியும் என்றால் எந்த நகரத் தலைவர் வலிய அந்தச் செலவை ஏற்பார்?

2020ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். நகரங்களில் வாழ்பவர்கள் 63.89 விழுக்காடு; நகரப் பதிவு உள்ளவர்களோ 45.4 விழுக்காடு. இடையில் நிற்பவர்கள் சுமார் 26 கோடிப் பேர்.

தோ பாயோ மூத்தவர் எழுதியது:

நூலகர் ஐயாவின் விளக்கம் தெளிவாக இருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் வரவு செலவுக் கணக்காகவே பார்த்தால் காவலர் கண்ணில் படாமல் போய்விடுகிறார். ஹூகோவ் ஏட்டை வைத்திருப்பது கல்வித் துறையோ நிதித் துறையோ அன்று, பொதுப் பாதுகாப்பு அமைச்சு. 1982இல் கொண்டுவரப்பட்ட பிடித்துவைத்துத் திருப்பி அனுப்பும் விதிகள், நகரத்தில் ஆதரவின்றித் திரிபவர்களுக்கானவை என்ற பெயரில் பிறந்தாலும், தற்காலிக வசிப்பு அனுமதிச் சீட்டு கையில் இல்லாத எந்தத் தொழிலாளியையும் தெருவிலேயே பிடித்துச் செல்லும் கருவியாக நடைமுறையில் மாறின.

2003 மார்ச்சில் குவாங்சோ நகரில், சுன் சிகாங் என்ற 27 வயது வடிவமைப்பாளர் அப்படித்தான் சீட்டு இல்லாமல் வெளியே சென்றபோது பிடிபட்டார். மூன்று நாள்களில் காவலில் அடித்துக் கொல்லப்பட்டார். பட்டப்படிப்பு முடித்தவர், முறையான வேலையில் இருந்தவர் என்பதால் நகர்ப்புற நடுத்தர வகுப்பும் அதிர்ந்தது என்று நினைக்கிறேன். அவருக்கு முன்பு அதே கதிக்கு ஆளான கட்டடத் தொழிலாளர்களுக்காக அவ்வளவு குரல் எழவில்லை. உள்ளூர் நாளிதழ் ஒன்று செய்தியை வெளியிட, சட்ட முனைவர்கள் மூவர் அந்த விதிகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று சீன நாடாளுமன்றமான தேசிய மக்கள் பேராயத்துக்கு மனு எழுத, அந்த ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் அவை இல்லாமற்போயின. அதன் பிறகும் 2017 நவம்பரில் பெய்ஜிங்கின் டாசிங் வட்டாரத்தில் 19 பேரைப் பலிகொண்ட தீவிபத்தைக் காரணம் காட்டி, வெளியூர்த் தொழிலாளர் குடியிருப்புகளைக் கடுங்குளிரில் காலி செய்தார்கள். இதில் சிக்கனம் மட்டுமே இருப்பதாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சூச்சோவில் இருந்தவன் எழுதியது:

சிங்கப்பூரும் சீனாவும் 1994இல் சேர்ந்து தொடங்கிய சூச்சோ தொழிற்பேட்டையில் சில காலம் பணியாற்றியவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். வெளியூர்த் தொழிலாளர் அனைவரும் நகரப் பதிவுக்காக ஏங்கி நிற்பதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். என்னுடன் வேலை செய்த பலர் அப்படி இல்லை.

காரணம் நிலம். சீனாவில் கிராம நிலம் கூட்டுடைமை. கிராமக் கூட்டமைப்பின் உறுப்பினர் என்ற நிலையால்தான் பயிரிடும் ஒப்பந்த உரிமையும் வீட்டு மனையும் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கின்றன. நகரப் பதிவுக்கு மாறினால் அவை கைவிட்டுப் போகும் என்ற அச்சம் ஆழமானது. பதிவுக்கு ஈடாக ஒப்பந்த நிலத்தைத் திருப்பித் தரும்படி வற்புறுத்தக் கூடாது என்று 2018இல் சட்டத்தைத் திருத்திய பின்னும் அந்த அச்சம் போய்விட்டதாகத் தெரியவில்லை, அதைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. ஆலை மூடினால் திரும்பிச் செல்ல ஓர் இடம் வேண்டுமே. கிராமத்து முதியவருக்கான அடிப்படை ஓய்வூதியத்தின் தேசியக் குறைந்தபட்ச அளவு 2024இல்கூட மாதம் 123 யுவான்தான். நம் கணக்கில் ஏறத்தாழ 23 சிங்கப்பூர் வெள்ளி. நமக்கு முதுமைக்கான சேமிப்பாக மத்திய சேம நிதி இருப்பதுபோல, அப்படிப்பட்ட நிலையில் அந்த மனைதான் அவர்களுடைய சேம நிதி.

இன்னொரு பக்கமும் உண்டு. 2014இல் வேளாண், வேளாண் சாராப் பதிவு என்ற பாகுபாட்டை ஏட்டளவில் ஒழித்தார்கள். 30 லட்சத்துக்குக் குறைவான மக்கள் வாழும் நகரங்கள் பதிவுக் கட்டுப்பாடுகளை அறவே நீக்க வேண்டும் என்று 2019இல் அறிவித்தார்கள். ஆனால் நல்ல சம்பளமும் நல்ல மருத்துவமனையும் இருக்கும் நகரங்கள் அவை அல்ல. எளிதாகக் கிடைக்கும் ஊரின் பதிவை வாங்க ஆள் இல்லை, எல்லாரும் விரும்பும் ஊர் கொடுப்பதில்லை.

செங்காங் வாசகி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. இரண்டு ஐயங்கள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. ஷாங்ஹாயில் தொடக்கப்பள்ளிக்கே போக முடியாதா, அல்லது தடை பின்னால்தான் வருகிறதா? மேலும், இந்தியாவில் வேலைக்காக மாநிலம் விட்டு மாநிலம் போகிறவர்களின் நிலையும் இதுதானே என்று வீட்டில் என் மாமனார் கேட்கிறார்.

பழைய நூலகர் எழுதியது:

உங்கள் மாமனாரின் கேள்வி நியாயமானது. ஆனால் ஒப்பீடு பாதி தூரம்தான் வரும். இந்தியாவின் எந்தப் பகுதியிலும் சென்று வாழும் உரிமையை அரசமைப்பின் 19ஆம் பிரிவு தருகிறது. திருப்பூரில் வேலை செய்யும் பீகார்த் தொழிலாளியின் பிள்ளை அங்கேயே பள்ளியில் சேர்ந்து பொதுத் தேர்வையும் அங்கேயே எழுதலாம். அங்கே ஊரோடு கட்டப்பட்டிருந்தது நியாயவிலைக் கடைப் பொருள். ஒரே நாடு ஒரே குடும்ப அட்டைத் திட்டம் 2019இல் தொடங்கிய பிறகு அந்தக் கட்டும் தளர்ந்துவருகிறது. சீனாவில் உணவு 1993லேயே விடுபட்டது. தேர்வுதான் இன்னும் ஊரோடு கட்டுண்டிருக்கிறது.

உங்கள் முதல் ஐயத்துக்கும் அதிலேயே விடை இருக்கிறது. ஒன்பது ஆண்டுக் கட்டாயக் கல்வியை, பெற்றோர் வாழும் நகரமே தரவேண்டும் என்பது 2001 முதல் மத்திய அரசின் கொள்கை. பெருநகரங்கள் அதற்கும் சான்றுமேல் சான்று கேட்டுப் பலரை வடிகட்டுகின்றன என்றாலும், அந்த நிலையில் வழி முற்றிலும் அடைபடவில்லை. அடைபடுவது மேல்நிலைப் பள்ளியிலும் காவ்காவ் எனப்படும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்விலும். பல்கலைக்கழகங்கள் மாகாணவாரியாக இடங்களை ஒதுக்குவதால், பிள்ளை பொதுவாகப் பதிவு உள்ள மாகாணத்திலேயே தேர்வு எழுத வேண்டும். ஆண்டுதோறும் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தேர்வெழுதும் ஹெனானில் போட்டி கொடியது. ஷாங்ஹாயோ தனக்கென வேறு வினாத்தாள்களை வைத்திருக்கிறது. அங்கே படித்துவிட்டுக் கடைசி ஆண்டில் ஊர் திரும்பினால் பாடத்திட்டமே பொருந்தாது. அதனால்தான் பெற்றோர் பிள்ளையைச் சில ஆண்டுகள் முன்னதாகவே ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள், அல்லது அழைத்துக்கொள்ளாமலேயே இருக்கிறார்கள்.

வெளியூர்ப் பிள்ளைகள் தேர்வெழுத வழி செய்யுமாறு 2012இல் மாகாணங்களுக்கு உத்தரவு போனது. பல மாகாணங்கள் இசைந்தன. ஷாங்ஹாய், பெற்றோரின் கல்வித் தகுதி, வயது, சமூகக் காப்பீடு கட்டிய ஆண்டுகள் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டு, 120ஐ எட்டியவர்களின் பிள்ளைகளுக்கு மட்டும் வாய்ப்பளித்தது. ஆலைத் தொழிலாளியோ துப்புரவாளரோ எளிதில் எட்டக்கூடிய எண் அன்று அது. 2035இல் 2.5 கோடிப் பேருக்கு மேல் போகக் கூடாது என்று தன் பெருந்திட்டத்தில் எழுதிவைத்திருக்கும் நகரம் வேறு விதமாக நடந்துகொள்ளும் என எதிர்பார்ப்பதற்கும் இல்லை. பெய்ஜிங் இன்னும் கறாரானது: பதிவு இல்லாத பிள்ளைகளை, குறிப்பிட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டு, உயர் தொழிற்கல்லூரிச் சேர்க்கைக்கான தேர்வை எழுத விடுகிறது, பட்டப்படிப்புக்கான இடங்களுக்கு அவர்கள் அங்கே விண்ணப்பிக்க முடியாது.