மெக்சிக்கோ நகரைப் பிடித்த பிறகும் அமெரிக்கா ஏன் வடபகுதியோடு நின்றது?

வந்தாறுமூலை மாணவி:
வணக்கம். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் வரலாறு பயில்கிறேன். 1846 முதல் 1848 வரை நடந்த அமெரிக்க–மெக்சிக்கோ யுத்தம் பற்றி ஒப்படை எழுதும்போது ஒரு விடயம் பிடிபடவில்லை. 1847 செப்டெம்பரில் தலைநகரையே கைப்பற்றியவர்கள், அடுத்த பெப்ரவரியில் குவாதலூப்பே இதால்கோ உடன்படிக்கையின்படி வடபகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கும் 150 இலட்சம் டொலர் கொடுக்க ஏன் இணங்கினார்கள்? கண்டம் முழுவதும் பரவுவது தமக்கு விதிக்கப்பட்டது என்று பேசியவர்களுக்குத் தோற்ற நாட்டோடு இவ்வளவு பேரம் எதற்கு?

கல்லடி, ஓய்வுபெற்ற ஆசிரியர்:
மகள், பணத்திலிருந்தே தொடங்குவோம். யுத்தத்துக்கு முன்பே, 1845 இறுதியில், ஜனாதிபதி போல்க் தம் தூதர் சிலைடெல் மூலம் கலிபோர்னியாவையும் நியூ மெக்சிக்கோவையும் 250 இலட்சம் டொலர் வரை கொடுத்து வாங்க முயன்றார். மெக்சிக்கோ அந்தத் தூதரை ஏற்கவே மறுத்தது. ஆகவே 1848 இல் கொடுத்தது இரக்கம் அன்று, முன்னர் கொடுக்கத் துணிந்ததிலும் குறைந்த விலை.

அதைவிட முக்கியமானது, போல்க்கின் பின்னால் நாடு ஒன்றுபட்டு நிற்கவில்லை என்பதாகும். நூவேசஸ் ஆற்றுக்கும் ரியோ கிராண்டேக்கும் இடையில் இரு நாடுகளும் உரிமை கோரிய நிலத்துக்குள் படையை அனுப்பிவிட்டு, அங்கே மோதல் வெடித்ததும், அமெரிக்க மண்ணில் அமெரிக்க இரத்தம் சிந்தப்பட்டதாகக் கூறி 1846 மேயில் காங்கிரஸிடம் யுத்தப் பிரகடனம் பெற்றார். அதை நம்பாத எதிர்க்கட்சியான விக் கட்சியினர் அடுத்த பிரதிநிதிகள் சபையில் பெரும்பான்மை பெற்று, 1848 ஜனவரியில் 85க்கு 81 என்ற வாக்குகளால், ஜனாதிபதி இந்த யுத்தத்தை அவசியமின்றியும் அரசியலமைப்புக்கு மாறாகவும் தொடங்கினார் என்று தீர்மானித்தனர். புதிய உறுப்பினரான ஆபிரகாம் லிங்கனும் அதற்கு ஆதரவாக வாக்களித்தார். சமாதானம் பேச மெக்சிக்கோவுக்கு அனுப்பப்பட்டு, பின்னர் திரும்பி வருமாறு பணிக்கப்பட்ட தூதர் ட்ரிஸ்ட், அப்பணிப்பை மீறிச் செய்துமுடித்த உடன்படிக்கையைப் போல்க் சினத்தோடு செனற்றுக்கு அனுப்பியதற்கும், நிராகரித்தால் விக் கட்சியினரின் பிரதிநிதிகள் சபை படைக்குப் பணம் தராது என்ற அச்சம் முக்கிய காரணம்.

கல்முனை வாசகர்:
ஆசிரியர் விக் கட்சியின் மனச்சாட்சிக்குச் சற்று அதிக இடம் கொடுத்துவிட்டார் என்பது என் எண்ணம். முழு மெக்சிக்கோவையும் இணைக்கக்கூடாது என்று உரத்து வாதிட்டவர்களில் ஒருவர், அடிமைமுறையின் தீவிர ஆதரவாளரான தென் கரோலினாவின் ஜோன் கல்ஹூன். வெள்ளையரல்லாத இலட்சக்கணக்கானோரைச் சம குடிமக்களாக ஏற்கமுடியாது என்பதே அவர் சொன்ன நியாயம். நிலம் வேண்டும், அதில் சனம் நிறைந்திருக்கக்கூடாது. எல்லைக்கோடு வடக்கிலேயே நின்றதில் இந்த எண்ணத்துக்குப் பெரும் பங்குண்டு. மறுபுறம், வெல்லும் நிலத்தில் அடிமைமுறை கூடாது என்று பென்சில்வேனியாவின் டேவிட் வில்மொட் 1846 ஓகஸ்டில் கொண்டுவந்த நிபந்தனை பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியும் செனற்றைக் கடக்கவில்லை. மெக்சிக்கோ 1829 இலேயே அடிமைமுறையை ஒழித்திருந்தது என்பதையும் ஒப்படையில் கட்டாயம் சேருங்கள், தங்கச்சி.

அக்கரைப்பற்று வாசகர்:
வாஷிங்டன் வாக்குகளோடு நிறுத்திவிடாமல், அந்த நிலத்தில் இருந்தவர்களுக்கு என்ன ஆனது என்றும் பாருங்கள். மெக்சிக்கோ வழங்கிய காணிகளுக்குப் பாதுகாப்புத் தந்த 10ஆம் உறுப்புரையைச் செனற் நீக்கியே உடன்படிக்கையை ஏற்றது. பின்னர் 1851 ஆம் ஆண்டின் கலிபோர்னியக் காணிச் சட்டம், உரிமையை நிரூபிக்கும் பாரத்தைக் காணிக்காரர் மீதே சுமத்தியது. மலை, ஓடை, மரம் ஆகியவற்றை எல்லையாகக் காட்டிய கைவரைபடங்களோடு அவர்கள் பல வருடங்கள் வழக்காடினர். வென்றவர்களிலும் பலர் சட்டத்தரணிச் செலவுக்காகவே காணியை விற்றனர். பேமிட்டும் உறுதியும் கையில் வைத்துக்கொண்டு கந்தோர் கந்தோராக ஏறி இறங்கிய எங்கள் பகுதி வயற்காரருக்கு இதை விளக்கவே தேவையில்லை.

அங்கே வாழ்ந்த பூர்வகுடிகளான அப்பாச்சி, கொமாஞ்சி, நவஹோ மக்களை இந்த உடன்படிக்கைக்கு யாரும் அழைக்கவில்லை. அவர்கள் எல்லை தாண்டித் தாக்குவதைத் தடுப்பதாக 11ஆம் உறுப்புரையில் அமெரிக்கா வாக்களித்தது. தெற்கு வழியாக ரயில்பாதை அமைக்கவென மேலும் நிலம் வாங்கிய 1853 ஆம் ஆண்டின் கட்ஸ்டன் ஒப்பந்தத்தில், 100 இலட்சம் டொலர் கொடுத்ததோடு அந்தப் பொறுப்பையும் நீக்கிக்கொண்டது.