மகாநதியில் என்னை அழ வைத்தது ஜாலியான பாட்டு

அழுகைப் படம் என்றாலே எனக்கு ஆகாது. 1994 பொங்கலுக்கு நண்பர்கள் நாலு பேர் அமைதிப்படைக்குக் கிளம்பி, டிக்கெட் கிடைக்காமல் போனதால்தான் மகாநதிக்குள் நுழைந்தோம். ஊரில் நிம்மதியாக இருந்த கிருஷ்ணசாமி சென்னைக்கு வந்து ஏமாந்து, ஜெயிலுக்குப் போய், கடைசியில் பெற்ற மகளைக் கல்கத்தாவின் சிவப்பு விளக்குப் பகுதியான சோனாகச்சியில் கண்டுபிடிக்கிற இடத்தில் தியேட்டரில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. நான் மட்டும் கமல் நடிப்புக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தேன். கல்யாணம் ஆகாத வயசு, வேறென்ன செய்வேன்? வெளியே வந்து டீக்கடையில் அரை மணி நேரம் விமர்சனம் வேறு.

பதினெட்டு வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியில் அதே படம். மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயசு, இரண்டு தெரு தள்ளி டியூஷனுக்குப் போயிருந்தாள். சோனாகச்சி வரைக்கும் நான் போகவே இல்லை. ஆரம்பத்தில் ஸ்ரீரங்க ரங்கநாதன் பாட்டு வருமே, குடும்பமே சிரித்துக்கொண்டு இருக்குமே, அதிலேயே தொண்டை அடைத்துவிட்டது. பின்னால் என்ன வரப்போகிறது என்று அந்தக் குழந்தைக்குத் தெரியாது, எனக்குத் தெரியும், அவ்வளவுதான் விஷயம். டிவியை அணைத்துவிட்டு, டியூஷன் விட இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கும்போதே போய் அந்த வாசலில் நின்றேன். வெளியே வந்தவள், "ஏம்ப்பா கண்ணு சிவந்திருக்கு?" என்றாள். வண்டியில் வரும்போது தூசி விழுந்துவிட்டது என்றேன். நடந்துதான் போயிருந்தேன், அது வேறு கதை. இன்றுவரை அந்தப் படத்தை முழுசாகத் திரும்பப் பார்க்கவில்லை.

இப்படி யாருக்காவது நடந்திருக்கிறதா?

*

அண்ணா, உங்களுக்காவது அது சோகப் படம். எனக்கு நடந்தது வின்னர் படத்துக் கைப்புள்ளயால், சொன்னால் சிரிப்பீர்கள்.

வடிவேலு காமெடி எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது, அப்பாவுக்குத்தான் உயிர். வருத்தப்படாத வாலிபர் சங்கம் வந்துவிட்டால் போதும், சோற்றைப் பிசைந்த கையோடு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார், அடுத்து வரப்போகிற வசனத்தை முன்கூட்டியே சொல்லி எங்கள் உயிரை வாங்குவார். அவர் போய்ப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த சாயங்காலம், வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள், பசங்க சும்மா இருக்காமல் டிவியைப் போட்டுவிட்டார்கள். கைப்புள்ள அடி வாங்கிவிட்டு கெத்து குறையாமல் நடந்து வருகிறார். என்னை அறியாமல் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அடுத்த வசனத்தைச் சொல்ல ஆள் இல்லை என்று உறைத்ததும் அந்தச் சிரிப்பே அழுகையாகிவிட்டது. மயானத்துக்கு எடுத்துக்கொண்டு போன அன்றைக்குக்கூட நான் அப்படி அழவில்லை.

அத்தை அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "சாவு வீட்டுல காமெடி என்னடா கேடு, அணைங்கடா அதை" என்று பசங்களைத் திட்டினார். அம்மாதான், "இருக்கட்டும் அண்ணி, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டச் சொல்லுங்க" என்றாள்.