டிடோன் எழுத்துருவுக்குத் தமிழில் என்ன பெயர்?

ரோஸ் ஹில், ஆசிரியை:
மொரீசியஸின் பல ஊர்களிலிருந்தும் எழுதும் அனைவருக்கும் வணக்கம். வடிவமைப்புப் பாடக்குறிப்பை வெள்ளிக்கிழமைக்குள் தமிழில் முடித்துத் தர வேண்டும். ‘டிடோன்’ என்ற எழுத்துரு வகையின் பெயரில் நிற்கிறேன். வோக் என்ற ஃபேஷன் இதழின் தலைப்பெழுத்தைப் பார்த்திருப்பீர்கள். எழுத்தின் தண்டு, அதாவது நெடுங்கோடு, தூண்போலத் தடித்திருக்கும். கோட்டின் நுனியில் வரும் சிறு குறுக்குக்கோடான செரிஃப் மயிரிழையாக ஓடும். என் மாணவி ஒருத்தி இவ்வகை எழுத்துருவில் திருமண அழைப்பிதழ் செய்தாள். மணமக்கள் பெயர் கண்ணைப் பறித்தது. முகவரியையும் அதிலேயே ஆறு புள்ளி என்ற மிகச் சிறிய அளவில் அடித்தாள். ஆங்கிலச் சிறிய ‘e’ எழுத்தின் நடுக்கோடு அச்சில் விழாமல், எல்லாம் ‘c’ ஆகிவிட்டன. இந்த எழுத்துருவுக்கு என்ன பெயர் வைக்கலாம்?

போர்ட் லூயி:
‘வல்மெல் எழுத்துரு’. தடிப்பு வல்லினம், இழை மெல்லினம்.

மோக்கா:
ஐயா, அவை ஒலிக்குரிய பெயர்கள். ககரம் தடிப்பு, ஙகரம் மெலிவு என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். ‘இழைமுனை எழுத்துரு’ என்பது என் பரிந்துரை. நன்னூல் பாயிரம் சொல்லைப் பஞ்சாகவும் பனுவலை இழையாகவும் சொல்கிறதே! தச்சர் மரத்தை இழைக்கிறார், சந்தனத்தை இழைக்கிறோம், பொன்னில் மணி இழைக்கிறோம். எல்லாவற்றிலும் நுண்மை இருக்கிறது. செரிஃபுக்கு ‘முனை’ போதும்.

கியூர்பிப்:
டிடோன் என்றே எழுதுங்கள். பாரிசின் டிடோ, பார்மாவின் பொடோனி என்ற இரு அச்சாளர்களின் பெயரையும் ஒட்டி, எழுத்துருக்களை வகைப்படுத்திய மாக்சிமிலியன் வாக்ஸ் 1954இல் ஆக்கிய சொல் அது. பிரெஞ்சு படிக்கும் நம் பிள்ளைகளுக்கு டிடோ அந்நியமில்லை, இழைமுனைதான் அந்நியம். தமிழையே மூன்றாவது, நான்காவது மொழியாகப் படிக்கிறவர்கள் அவர்கள்.

மோக்கா:
1998இல் நம் மொரீசியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் இந்திக்குக் கீழே போனபோது எதிர்ப்பு எழுந்து, அந்த நோட்டுகளே திரும்பப் பெறப்பட்டன. எழுத்தின் இடத்துக்காக அப்படி நின்றோம். ஒரு பெயருக்கு இவ்வளவு சீக்கிரம் தளர வேண்டுமா?

போர்ட் லூயி:
நோட்டை விடுங்கள். இதைப் பாருங்கள்: தடிப்பும் மெலிவும் லத்தீன் எழுத்துக்குப் பேனா முனை தந்தவை. நாம் ஓலையில் எழுத்தாணியால் கீறினோம். கோடு முழுக்க ஒரே தடிப்பு. நம் மரபில் இல்லாத வேறுபாட்டுக்குத்தான் பெயர் தேடுகிறோம். அதனால்தான் ‘முனை’ மட்டும் போதாது என்கிறேன். தடித்த தண்டு அந்தப் பெயரில் எங்கே?

ரோஸ் ஹில், ஆசிரியை:
நேரமாகிவிட்டது. தனிமடல்களையும் சேர்த்தால் இழைமுனைக்கு ஐந்து பேர், டிடோனுக்கு மூவர், வல்மெல்லுக்கு ஒருவர். பாடத்தில் ‘இழைமுனை எழுத்துரு’ என்று எழுதி, முதலில் வரும் இடத்தில் மட்டும் டிடோன் என்று அடைப்புக்குறிக்குள் சேர்த்திருக்கிறேன். பெரிய தலைப்புக்கும் அழைப்பிதழின் பெயர்களுக்கும் இது பொருந்தும், சிறிய எழுத்துக்கு ஆகாது என்பதை விளக்க அந்த முகவரியைப் பெரிதாக்கி ஒட்டியிருக்கிறேன்.

போர்ட் லூயி:
அம்மா, பாடம் போகட்டும். ஆனால் தண்டை விட்டுவிட்ட பெயரை நான் ஏற்கவில்லை. அடுத்த பதிப்புக்கு முன் மறுபடி எழுதுவேன்.