ரோசா பார்க்ஸ் உட்கார்ந்தது எந்த இருக்கை?

மலைக்கோட்டை:
நூலகவாசி நேற்று இங்கே ஒட்டிய வாட்ஸ்அப் பதிவைப் பார்த்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "தையல் வேலை முடிந்த களைப்பில் ரோசா பார்க்ஸ் வெள்ளையர் இருக்கையில் உட்கார்ந்துவிட்டார், எழச் சொன்னதும் மறுத்தார்" என்கிறது அது. தப்பு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், பேருந்தில்கூட வெள்ளையரையும் கறுப்பரையும் சட்டப்படி பிரித்து உட்காரவைத்த மான்ட்கோமரி நகரில், கறுப்பினப் பெண்ணான அவர் ஏறிய பேருந்தில் 36 இருக்கைகள். முன் 10 வெள்ளையருக்கு, பின் 10 கறுப்பருக்கு, நடுவில் 16. நடுவில் கறுப்பர் உட்காரலாம், ஆனால் வெள்ளையர் யாராவது நிற்க நேர்ந்தால் டிரைவர் எழுப்பிவிடுவார். 1955 டிசம்பர் 1 அன்று பார்க்ஸ் உட்கார்ந்தது அந்த நடுப்பகுதியின் முதல் வரிசையில். அது வெள்ளையர் இருக்கை அல்ல.

நூலகவாசி:
டிரைவர் பிளேக் "எழுந்திரு" என்று சொன்ன நிமிடமே அது வெள்ளையர் இருக்கைதான். யார் எங்கே உட்காருவது என்று சொல்லும் அதிகாரம் டிரைவர் கையில் இருந்தது. பிரிவைக் காட்டும் பலகையை அப்படியே தூக்கிப் பின்னால் வைப்பார்கள், எல்லை நகர்ந்துவிடும். படம் போட்டு வரிசை எண்ணுவதற்கு முன் அந்த ஊர் நடைமுறையைப் படியுங்கள், தம்பி.

மலைக்கோட்டை:
எனக்கு 61 வயது. தம்பி கிம்பி எல்லாம் வேண்டாம்.
நீங்களும் அந்த நகரச் சட்டத்தைப் படியுங்கள். வேறு இடம் காலியில்லாதபோது யாரையும் எழச் சொல்ல முடியாது என்று அதிலேயே இருந்தது. அன்றைக்குப் பின்னால் ஒரு இடம்கூட இல்லை. நின்றிருந்தவர் ஒரே ஒரு வெள்ளைக்காரர். அவர் உட்கார 4 பேர் எழ வேண்டுமாம், ஏனென்றால் ஒரே வரிசையில் இரு நிறத்தவரும் இருக்கக் கூடாது! 3 பேர் எழுந்தார்கள். பார்க்ஸ் காலை ஒதுக்கிப் பக்கத்தில் இருந்தவருக்கு வழிவிட்டார், அப்புறம் ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார். எழவில்லை, கைதானார். நடு வரிசை, ஐயா. நடு வரிசை.

தெற்குவீதி:
ஒரு சின்னக் கேள்வி. வெள்ளையர் இருக்கை என்று இருவரும் சொல்வது சட்டப்படியா, நடைமுறைப்படியா? அதை முதலில் முடிவு செய்துவிட்டுப் பேசலாமே.

மலைக்கோட்டை:
முடிவு செய்ய என்ன இருக்கிறது? நடு வரிசை.

ஆவாரம்பூ:
இரண்டு பேரும் இருக்கையையே பிடித்துத் தொங்குகிறீர்கள். அதே ஊரில் 9 மாதம் முன்னால், மார்ச் 2 அன்று, இதேபோல் எழ மறுத்துக் கைதான கிளாடெட் கோல்வின் பேரை ஒருவரும் சொல்லவில்லை. 15 வயதுப் பள்ளி மாணவி. பேருந்துப் பிரிவினையை முறித்த பிரௌடர் எதிர் கேல் வழக்கில் பார்க்ஸ் வாதியே இல்லை, கோல்வின் வாதி. பார்க்ஸ் கைதானதும், பேருந்தைப் புறக்கணிக்கச் சொல்லி ஜோ ஆன் ராபின்சன் ராத்திரி முழுக்கக் கல்லூரியில் சைக்ளோஸ்டைல் ஓட்டி ஆயிரக்கணக்கில் துண்டறிக்கை அடித்தார். ஜார்ஜியா கில்மோர் சாப்பாடும் பலகாரமும் விற்றுப் போராட்டத்துக்குப் பணம் சேர்த்தார். அந்தப் பெண்களைப் பற்றி யாராவது பேசுங்களேன்.

மலைக்கோட்டை:
கோல்வின் பற்றி நான் 2 வருடம் முன்பே எழுதினேன், அப்போது நீங்கள் ஒரு வரி பதில் போடவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன். களைப்பு என்பதும் பொய். உடம்புக் களைப்பால் இல்லை, விட்டுக்கொடுத்தே அலுத்துப்போனதால் என்று பார்க்ஸே பின்னாளில் எழுதியிருக்கிறார். கறுப்பர் உரிமைக்குப் போராடும் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் ஊர்க் கிளைக்குச் செயலாளர் அவர். அந்தக் கோடையில்தான் டென்னசியில் போராட்டக்காரர்களுக்குப் பயிற்சி தரும் ஹைலாண்டர் பள்ளிக்குப் போய்வந்தார். 1943-இல் இதே பிளேக், முன்வாசலில் காசு கொடுத்த பிறகு இறங்கிப் போய்ப் பின்வாசலில் ஏறச் சொல்லி அவரைப் பேருந்தைவிட்டே இறக்கியவர். ஏதுமறியாமல் உட்கார்ந்துவிட்ட பெண்ணா இவர்?

வடதுருவம்:
டியர்பார்னில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் அந்தப் பேருந்தே நிற்கிறது. நான் மிச்சிகனில்தான் இருக்கிறேன், ஏறி உட்கார்ந்தே பார்த்துவிட்டேன். முன்பக்கத்துக்கும் அந்த இருக்கைக்கும் நடுவில் தடுப்பு, கோடு எதுவும் இல்லை. கை நீட்டினால் முன் இருக்கையின் முதுகு தட்டுகிறது. உட்கார்ந்தவனுக்குத் தெரியும்.

நூலகவாசி:
அது அதே பேருந்து என்று யார் சொன்னது? வருடக்கணக்கில் வயல்வெளியில் துருப்பிடித்துக் கிடந்ததை 2001-இல் 4,92,000 டாலர் கொடுத்து ஏலத்தில் எடுத்தார்கள். பேருந்து நிலைய மேலாளர் ஒருவர் பார்க்ஸ் கைது பற்றிய செய்தித்தாள் நறுக்குப் பக்கத்தில் பேருந்து எண் 2857 என்று எழுதி வைத்திருந்தார் என்பதுதானே ஆதாரம்?

வடதுருவம்:
பிளேக் பேரும் அந்த எண்ணோடு சேர்த்து எழுதியிருந்தது. அதை ஆராய்ந்துதான் வாங்கினார்கள். போய்ப் பார்க்காமல் பேசாதீர்கள்.

மலைக்கோட்டை:
ஆதாரம் பற்றி இவர் பேசுவதுதான் வேடிக்கை. கென்ட் ஸ்டேட் இழையில் என்ன எழுதினீர்கள்? 1970 மே 4 அன்று அந்த ஓஹியோ பல்கலைக்கழகத்தில் தேசியக் காவல்படை சுட்டுச் செத்தது 4 மாணவர்கள், காயம்பட்டது 9 பேர். இரண்டையும் கூட்டி 13 பேர் செத்தார்கள் என்றீர்கள். இன்றுவரை திருத்தவில்லை.

நூலகவாசி:
அது தட்டச்சுப் பிழை. எத்தனை முறை சொல்வது?

மலைக்கோட்டை:
3 இடத்தில் ஒரே தட்டச்சுப் பிழை!
இருக்கை ஏன் முக்கியம் என்று இன்னொரு முறை சொல்கிறேன். பார்க்ஸ் கைதுக்குப் பிறகு 381 நாள் பேருந்தைப் புறக்கணித்த கறுப்பர்கள் முதலில் கேட்டது என்ன? மரியாதையாக நடத்துங்கள், கறுப்பர் அதிகம் போகும் தடங்களில் கறுப்பின டிரைவர்களை வையுங்கள், வெள்ளையர் முன்னாலிருந்தும் கறுப்பர் பின்னாலிருந்தும் வந்த வரிசைப்படி உட்காரட்டும், உட்கார்ந்தவரை எழுப்பாதீர்கள். அவ்வளவுதான். பிரிவினையே ஒழியட்டும் என்றுகூட அப்போது கேட்கவில்லை. அதையும் நகரம் தரவில்லை, போராட்டத்தை நடத்திய மார்ட்டின் லூதர் கிங் வீட்டில் குண்டு வெடித்தது. பார்க்ஸ் வெள்ளையர் இருக்கையைப் பிடித்தார் என்று எழுதினால், தன் இடத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணை வம்புக்குப் போனவராக்குகிறீர்கள். 10 டாலர் அபராதமும் 4 டாலர் நீதிமன்றச் செலவும் போட்டவர்கள் சொன்னதும் அதைத்தான்.

நூலகவாசி:
அபராதம் போட்டார்கள் என்று நீங்களே சொல்கிறீர்களே! எந்த இருக்கைக்காகப் போட்டார்கள்?

ஆவாரம்பூ:
கோல்வினுக்கும் தண்டனை கொடுத்தார்கள். அதை யாரும் கேட்கவில்லை.

மலைக்கோட்டை:
இருக்கைக்காக இல்லை, எழ மறுத்ததற்காக. ராத்திரி 36 இருக்கையையும் வரைந்து படம் போடுகிறேன். எண்ணிப் பாருங்கள்.

நூலகவாசி:
போடுங்கள். பலகை எங்கே இருந்தது என்பதையும் சேர்த்து வரையுங்கள்.