பழைய நெட்புக்கில் வைஃபை வரவில்லை: எந்த டிரைவர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அணில்வால் கேட்டது:

2009 வாக்கில் வந்த நெட்புக் ஒன்று சும்மா கிடந்தது. ஆட்டம் என்270 பிராசசர், 2 ஜிபி ராம். கீபோர்டு இன்னும் நன்றாக இருப்பதால் எழுத்து வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று விண்டோஸ் எக்ஸ்பியை எடுத்துவிட்டு டெபியன் 12 என்ற லினக்ஸைப் போட்டேன். (இந்த பிராசசரில் 32 பிட்தான் ஓடும். டெபியன் 13-இல் 32 பிட் இன்ஸ்டாலரையே நிறுத்திவிட்டார்கள், அதனால் 12.) ஒலி, திரை, டச்பேட் எல்லாம் தானாக வந்துவிட்டன. வைஃபை மட்டும் இல்லை. நெட்வொர்க் ஐகானை அழுத்தினால் கம்பி இணைப்பு ஒன்றுதான் தெரிகிறது.

தயாரிப்பாளரின் தளத்தில் மாடல் எண்ணைப் போட்டுத் தேடினால் மூன்று வயர்லெஸ் டிரைவர்கள் கிடைக்கின்றன. மூன்றும் வேறு வேறு கம்பெனி சிப்புக்கு, மூன்றும் எக்ஸ்பிக்கு. என்னுடையது எது என்று எங்கும் சொல்லவில்லை. என்டிஐஎஸ்ராப்பர் என்று ஒன்றை வைத்து எக்ஸ்பி டிரைவரையே லினக்ஸில் ஓட்டலாம் என்று ஒரு பழைய பதிவில் பார்த்தேன். அதைச் செய்யலாமா, இல்லை கார்டே செத்துவிட்டதா?

மின்கம்பி:

ஒரு யூஎஸ்பி வைஃபை டாங்கிள் வாங்கிச் செருகுங்கள், முடிந்தது வேலை. பதினைந்து வருடப் பழைய கார்டோடு மல்லுக்கட்ட வேண்டுமா?

தூசுதட்டி:

டாங்கிளைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். அதையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினால் இதே கேள்வியோடு திரும்பி வருவீர்கள். அட்டைப்பெட்டியில் பெயர் அப்படியே இருக்கும், உள்ளே சிப் மட்டும் மாறியிருக்கும்.

முதலில் மாடல் எண்ணை மறந்துவிடுங்கள். ஒரே மாடலில் வேறு வேறு வைஃபை கார்டு போட்டு விற்பது வழக்கம், அதனால்தான் மூன்று டிரைவர். நமக்கு வேண்டியது கார்டின் ஐடி. நான்கு இலக்கம், நடுவில் முக்காற்புள்ளி, அப்புறம் நான்கு இலக்கம். முதல் பாதி சிப் செய்தவர், இரண்டாம் பாதி எந்தச் சிப் என்பது. 8086 என்றால் இன்டெல் (தங்கள் பழைய பிராசசரின் பெயரையே எண்ணாக எடுத்துக்கொண்டார்கள், குசும்புதான்). 14ஈ4 பிராட்காம், 168சி ஏதெராஸ், 10ஈசி ரியல்டெக், 1814 ராலிங்க்.

டெர்மினலைத் திறந்து மூன்று கட்டளைகளை ஓட்டி, வருவதை இங்கே போடுங்கள்: எல்எஸ்பிசிஐ -என்என் (கார்டுகளின் பட்டியல்), ஆர்எஃப்கில் லிஸ்ட் (வைஃபை அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்பது), அப்புறம் சூடோ போட்டு டிமெஸ்ஜ் (கெர்னல், அதாவது லினக்ஸின் மையப்பகுதி, எழுதும் குறிப்புகள்). மூன்றாவதில் பக்கம் பக்கமாக வரும், "ஃபர்ம்வேர்" என்ற சொல் உள்ள வரிகள் போதும்.

என்டிஐஎஸ்ராப்பர் பக்கம் போகாதீர்கள். லினக்ஸுக்குச் சொந்த டிரைவர் இல்லாத காலத்துக் கைவைத்தியம் அது. இன்றைய கெர்னலோடு அதை ஒத்துப்போக வைப்பதற்குள் உங்களுக்கு கம்ப்யூட்டரே வெறுத்துவிடும்.

அணில்வால்:

ஓட்டிப் பார்த்தேன். எல்எஸ்பிசிஐ-இல் வயர்லெஸ் வரி: பிராட்காம் பிசிஎம்4312, 802.11பி/ஜி எல்பி-ஃபை, [14ஈ4:4315].

ஆர்எஃப்கில்லில் சாஃப்ட் பிளாக்டு நோ, ஹார்ட் பிளாக்டு நோ.

டிமெஸ்ஜில் சிவப்பாக ஒரு வரி: பி43-ஃபை0 எரர், "பி43/யூகோட்15" என்ற ஃபர்ம்வேர் கோப்பு கிடைக்கவில்லை என்கிறது.

தூசுதட்டி:

நல்ல செய்தி, கார்டு சாகவில்லை. டிரைவரும் உங்களிடம் இருக்கிறது. பி43 என்பதுதான் டிரைவர், 2008-இல் வந்த 2.6.24 கெர்னலிலிருந்து அது கெர்னலோடு சேர்ந்தே வருகிறது. இல்லாதது ஃபர்ம்வேர்.

பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். டிரைவர் ஓடுவது உங்கள் பிராசசரில். ஃபர்ம்வேர் ஓடுவது கார்டுக்குள் இருக்கும் குட்டி பிராசசரில். அதை நிரந்தரமாக வைத்துக்கொள்ள இந்தக் கார்டில் இடம் இல்லை, ஒவ்வொரு முறை கணினியை இயக்கும்போதும் டிரைவர்தான் வட்டிலிருந்து எடுத்து ஊட்டிவிட வேண்டும். யூகோட்15 என்பது அந்தக் கோப்பு.

"டெபியன் 12-இல் ஃபர்ம்வேர் எல்லாம் இன்ஸ்டாலரிலேயே வருமே" என்று யாராவது கேட்பீர்கள். பெரும்பாலானவை வருகின்றன, இது வராது. இந்த ஃபர்ம்வேரைத் தனியாக மறுவிநியோகம் செய்ய உரிமம் இல்லை. அதனால் டெபியன் ஒரு சுற்றுவழி வைத்திருக்கிறது: ஒரு இன்ஸ்டாலர் பொதி, பிராட்காமின் பழைய டிரைவர் கோப்பை இணையத்திலிருந்து இறக்கி, பி43-ஃப்டபிள்யூகட்டர் என்ற கருவியால் அதிலிருந்து ஃபர்ம்வேரை வெட்டியெடுத்து உங்கள் வட்டில் வைக்கும். வைஃபை வர இணையம் வேண்டும், இணையம் வர வைஃபை வேண்டும் என்ற கூத்து இங்கேதான் ஆரம்பம்.

கம்பி இழுக்க முடிந்தால் இழுங்கள். இல்லையென்றால் ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் செருகி, போன் அமைப்புகளில் யூஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். லினக்ஸுக்கு அது இன்னொரு கம்பி இணைப்பாகத் தெரியும், தனியாக எதுவும் நிறுவ வேண்டாம். போன் வைஃபையில் இருந்தால் அதே வைஃபைதான் கேபிள் வழியாக வரும், மொபைல் டேட்டா செலவாகாது.

இணையம் வந்ததும் ஈடிசி/ஆப்ட் அடைவில் உள்ள சோர்ஸஸ்.லிஸ்ட் கோப்பைத் திறந்து, "மெயின்" என்று இருக்கும் வரிகளில் அதற்குப் பக்கத்தில் "காண்ட்ரிப்" சேருங்கள். ஆப்ட் அப்டேட் ஓட்டியபின் ஆப்ட் சர்ச் பி43 என்று தேடினால் சில இன்ஸ்டாலர்கள் வரும். பெயரில் எல்பிஃபை உள்ளதை நிறுவுங்கள், உங்கள் 4315-க்கு அதுதான். மற்றவை வேறு சிப்புகளுக்கு. நிறுவும்போது இறக்கம் தோல்வி என்று வந்தால் நெட் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி ஓட்டினால் போதும். அப்புறம் சூடோ போட்டு மோட்ப்ரோப் -ஆர் பி43, மோட்ப்ரோப் பி43 (டிரைவரை இறக்கி மறுபடி ஏற்றுவது). ரீபூட்கூடத் தேவையில்லை.

ஒன்று முக்கியம்: தேடும்போது பிராட்காம்-எஸ்டிஏ என்ற பொதியும் கண்ணில் படும். அது டபிள்யூஎல் என்ற மூடிய டிரைவர். உங்கள் சிப்புக்கு அதுவும் வேலை செய்யும், ஆனால் அதன் கடைசிப் பதிப்பு 2015-இல் வந்தது. கெர்னல் மாறும்போதெல்லாம் மறுபடி கம்பைல் ஆக வேண்டும், அதுவும் ஆட்டம் பிராசசரில். இரண்டையும் சேர்த்து நிறுவினால் அது பி43-ஐ பிளாக்லிஸ்டில் (ஏற்றக்கூடாதவற்றின் பட்டியலில்) போட்டுவிடும், எது ஓடுகிறது என்றே புரியாது. ஒன்று போதும்.

செம்பருத்தி:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னுடையது விண்டோஸ் 7 போட்ட பழைய லேப்டாப். டிவைஸ் மேனேஜரில் "நெட்வொர்க் கன்ட்ரோலர்" என்று மஞ்சள் குறியோடு நிற்கிறது. இந்த ஐடியை விண்டோஸில் எங்கே பார்ப்பது?

தூசுதட்டி:

அந்த வரியில் வலது கிளிக், பிராபர்ட்டீஸ், டீட்டெய்ல்ஸ் தாவல், கீழ்விரி பட்டியலில் ஹார்ட்வேர் ஐடிஸ். விஇஎன் என்பதற்குப் பின்னால் வருவது முதல் பாதி, டிஇவி என்பதற்குப் பின்னால் வருவது இரண்டாம் பாதி. உதாரணமாக 168சி, 002பி என்று இருந்தால் ஏதெராஸ் ஏஆர்9285.

டிரைவரை இறக்கியதும் உடனே செட்டப்பை ஓட்டாதீர்கள். விரித்துப் பார்த்தால் உள்ளே ஐஎன்எஃப் என்று முடியும் கோப்பு இருக்கும். சாதாரண எழுத்துக் கோப்புதான், நோட்பேடில் திறந்து உங்கள் டிஇவி எண்ணைத் தேடுங்கள். அந்த எண் உங்கள் விண்டோஸ் பதிப்புக்கான பகுதியில் இருந்தால் அது உங்கள் கார்டுக்கான டிரைவர். இல்லையென்றால் எத்தனை முறை நிறுவினாலும் பயனில்லை. 32 பிட்டா 64 பிட்டா என்பதும் ஒத்துப்போக வேண்டும். சில செட்டப்கள் "இந்தக் கணினிக்கு அல்ல" என்று அடம்பிடிக்கும். அப்போது டிவைஸ் மேனேஜரில் அப்டேட் டிரைவர் கொடுத்து அந்த அடைவைக் காட்டினால் பல நேரம் ஏற்றுக்கொள்ளும்.

டிரைவர் தேடித் தரும் மென்பொருள்கள் எதையும் நிறுவாதீர்கள். கூடவே வரும் குப்பையைச் சுத்தம் செய்வதே தனி வேலை.

அணில்வால்:

வந்துவிட்டது! போன் வழியாக இணைத்து, எல்பிஃபை இன்ஸ்டாலரை நிறுவி, மோட்ப்ரோப் போட்டதும் பட்டியலில் சுற்றியிருக்கும் எல்லா நெட்வொர்க்கும் தெரிகிறது. மிக்க நன்றி.

இரண்டு சந்தேகம். ரௌட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் மட்டும் இதில் தெரியவே இல்லை. வேகமும் 20 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டவில்லை, போனில் இதைவிடப் பல மடங்கு வருகிறது. இன்னும் ஏதாவது செட்டிங் பாக்கியா?

தூசுதட்டி:

பாக்கி எதுவும் இல்லை. உங்கள் கார்டு 802.11பி/ஜி. 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் கேட்கும், 5-க்கு அதற்குக் காதே கிடையாது. ஜி தரத்தில் ஏட்டளவில் 54 எம்பிபிஎஸ், கைக்கு வருவது 20 சொச்சம். எழுத்து வேலைக்கு இது தாராளம்.

ரௌட்டரில் மட்டும் ஒன்றைப் பாருங்கள். பாதுகாப்பை டபிள்யூபிஏ3 மட்டும் என்று மாற்றினால் இந்த வயதுக் கார்டுகள் பெரும்பாலும் சேராது. டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் அல்லது இரண்டும் கலந்த முறையில் விடுங்கள். இணைப்பு அடிக்கடி விட்டுவிட்டு வந்தால் ஐடபிள்யூ கட்டளையில் பவர் சேவ் (மின்சேமிப்பு) என்பதை ஆஃப் செய்து பாருங்கள்.

உள்ளே இருக்கும் கார்டையே மாற்றலாமா என்று அடுத்து கேட்பீர்கள். மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு, திருகைக் கழற்றி ஆன்டெனா கம்பியைப் பிடுங்கி மாட்டுவதுதான். ஆனால் சில லேப்டாப்களின் பயாஸ் (கணினியை முதலில் எழுப்பும் நிரல்) தன் பட்டியலில் இல்லாத கார்டைக் கண்டால் பூட் ஆகாமலே நின்றுவிடும், முதலில் அதை விசாரித்துக்கொள்ளுங்கள். மின்கம்பி சொன்ன டாங்கிளும் தவறில்லை. சிப் எது என்று தெரிந்து வாங்குங்கள். ஏஆர்9271 என்றால் அதன் ஃபர்ம்வேர் மூலநிரலோடு திறந்து விடப்பட்டது, டெபியனிலேயே கிடைக்கும். அதுவும் 2.4 மட்டும்தான்.

மின்கம்பி:

ஏஆர்9271 என்னிடம் ஒன்று இருக்கிறது. செருகியதும் வேலை செய்தது, அதனால்தான் முடிந்தது வேலை என்றேன்.